தானாக ஏறாத செடி

12 ஜூலை 1994, செவ்வாய்

இன்று கொடிமலை உச்சியில் சிவா சார் சின்னப் பிள்ளைபோல் குதித்தார். செருப்பு வடிவில் பூக்கும் காட்டு ஆர்க்கிட் மூன்று, பாறையிடுக்கில் நின்றன. பல வருடமாக அவர் ஆராய்ந்துவரும் செடி அது; நான் அவருடைய உதவியாளர். கீழே ஓடையோரத்தில் வருடாவருடம் சூடு கூடி, ஒவ்வொன்றாகக் கருகிக்கொண்டிருக்கிறது.

"பார்த்தியா அமுதா! சூடு தாங்காம தானா மேல ஏறிடுச்சு லா. இனிமே பொழச்சுக்கும்!" என்று சொல்லி அந்த இடத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டார்.

அது தானாக ஏறவில்லை. போன வருடம் நான்தான் பிடுங்கிவந்து நட்டேன். அளக்க மட்டும்தான் வேண்டும், தொடவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். சாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்ல வாயெடுத்தேன்.

"என்னம்மா?"

"ஒன்னுமில்ல சார். மழ வர்ற மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை அவருடைய ஆய்வறிக்கை வனத்துறைக்குப் போகிறது. செடி தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று அதில் இருந்தால், மிச்சத்தைக் காப்பாற்ற யார் வருவார்கள்? சொன்னால் என் வேலை போகலாம். அவர் இனி என்னை நம்பவும் மாட்டார்.

புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் மலை ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

சார், அந்த மூனும் நான் நட்டது.