ஐந்தாம் மடுவின் விரால்

மலாக்கா
14-2-1952

ஆத்தங்கரைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் திரு. தனபாலன் அவர்களுக்கு,

மலாக்காவிலிருந்து கோமளா எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, கடை, கடைப் பூனை எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்கும் நிலைமையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பிறந்த வீடு போய் நாலு நாளில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இப்போது திரும்புவதாக இல்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள், என்ன கோபமென்றே தெரியவில்லை என்று ஊரெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியக் கூடாது.

ஐப்பசியில் அப்பாவும் அம்மாவும் உங்கள் வீட்டைப் பார்க்கக் கிளம்பியபோது நானும் பிடிவாதமாகக் கூட வந்தேன். அவசரகாலச் சட்டமாம், தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி. கேட்டில் அம்மாவின் வெற்றிலைப் பையைக்கூடத் துழாவினார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார்கள். போய்விடலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடியது. இடுப்பளவுத் தண்ணீர், கரையெல்லாம் புங்க நிழல். இந்த ஆற்றுக்காக வேலிக்குள் இருந்துவிடலாம் என்று அங்கேயே நினைத்தேன். என் சிநேகிதிகளிடம் "எங்க ஆறு, எங்க ஆறு" என்று பீற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் கல்யாணம். மார்கழியில் ஆறு முழங்காலுக்கு வந்தது. தையில் கணுக்காலுக்கு. பூசத்துக்குக் கிளம்பிய அன்று பார்த்தேன், மணல். நடு ஆற்றில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது.

ஆற்றைக் காட்டிப் பெண் எடுத்தீர்கள். எனக்கும் என் அப்பாவுக்கும் நன்றாகத் தண்ணி காட்டிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஏமாந்துபோன கோமளா


ஆத்தங்கரைத் தோட்டம்
மஸ்ஜித் தானா
18-2-1952

என் அன்புள்ள கோமளாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "திரு. தனபாலன் அவர்களுக்கு" என்ற இடத்தில் மனசு சுருங்கிப் போயிற்று. ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ இல்லாமல் நானே சமைக்கிறேன். நேற்று வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு நானே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

ஆறு போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அது எங்கும் போகவில்லை கோமளா. துண்டு துண்டாக உட்கார்ந்திருக்கிறது. பாலத்திலிருந்து ரப்பர் மரச் சரிவு வரை ஆறு மடுக்கள் இருக்கின்றன. கொசுப்புழு பார்ப்பது என் வேலை அல்லவா, வாரம் இரண்டு முறை பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே போகிறேன். நீளக் காம்பு வைத்த அகப்பையால் ஒவ்வொரு மடுவிலும் தண்ணீர் மொண்டு பார்க்கிறேன். மீன் இருக்கும் மடுவில் ஒரு புழுகூட இல்லை. எல்லாவற்றையும் அதுகள் தின்றுவிடுகின்றன. ஆறாம் மடுவில் மட்டும் மீன் இல்லாமல் புழு நெளிந்தது. எண்ணெய் ஊற்றச் சொல்லி உத்தரவு. ஊற்ற மனம் வராமல், நாலாம் மடுவிலிருந்து பனையேறிக் கெண்டை பத்துப் பன்னிரண்டை என் தொப்பியில் அள்ளிக்கொண்டு போய் விட்டேன். தொப்பி இன்னும் நாறுகிறது.

ஈர மணல் ஓரத்தில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து உட்காருகின்றன. நடந்தால் எழுந்து முகத்தில் மோதுகின்றன. நத்தைகள் கதவைச் சாத்திக்கொண்டு சேற்றில் படுத்துவிட்டன. விடிகாலையில் நீர்நாய் குடும்பம் ஒன்று மடுவுக்கு மடு நடந்து போன தடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ராமாத்தாள் அக்கா மணலில் கையால் ஊற்றுத் தோண்டுகிறார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் வந்துவிடுகிறது, நம் கிணற்றுத் தண்ணீரைவிட ருசி. நீயும் வந்து குடித்துப் பார்.

என்றும் உன்,
தனபாலன்


மலாக்கா
22-2-1952

டிரஸ்ஸர் ஐயாவுக்கு,

நத்தை சௌக்கியம், நீர்நாய் சௌக்கியம், எல்லாம் அறிந்தேன். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஆறு வருஷமாக அந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். ஆறு வற்றும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு பக்கம் முழுக்க எழுதிய மனிதருக்கு ஒரு வரி எழுத இடமில்லாமல் போயிற்றாக்கும்.

மடுவில் தண்ணீர் இருக்கிறது, அதனால் மீன் இருக்கிறது. இதில் என்ன அதிசயம்? ஆறு சாகவில்லை என்கிறீர்களே, காய்ந்துபோன மணலிலிருந்து உயிருள்ள மீன் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். அப்போது வருவதைப் பற்றி யோசிக்கிறேன். அதுவரை உங்கள் ரசமே உங்களுக்குத் தண்டனை.

ஆறாம் மடுவில் விட்ட கெண்டைகள் பிழைத்தனவா? கேட்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை. அம்மா கேட்கச் சொன்னார்.

கோமளா


ஆத்தங்கரைத் தோட்டம்
27-2-1952

அன்புள்ள கோமளாவுக்கு,

கெண்டைகள் பிழைத்துவிட்டன என்று அம்மாவிடம் சொல்.

எனக்குத் தெரியும். வருஷா வருஷம் மாசிக்கு முன்னே வற்றும், சித்திரை மழையில் திரும்ப வரும். எல்லாம் தெரியும். அன்று பாலத்தில் நின்றுகொண்டு உன் அப்பா, "இந்தத் தண்ணி வருசம் பூரா ஓடுமா தம்பி?" என்று கேட்டார். நீ கீழே இறங்கிப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். நான் "ம்" என்றேன். ஓடாது என்று சொன்னால் நீ அந்த இடத்திலேயே கரையேறிப் போய்விடுவாய் என்று பயந்தேன். ஒரே எழுத்தில் சொன்ன பொய். நாலு பக்கம் சொன்னாலும் பொய் பொய்தான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் அப்பாவிடம் நேரில் கேட்கிறேன்.

கல்யாணம் ஆன பிறகாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் இறங்க இறங்க நீ தினமும் படித்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை நானும் பார்த்தேன். பார்க்காதது போல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனேன். அது என் கோழைத்தனம்.

ஐந்தாம் மடு போன வாரமே வற்றிவிட்டது. அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. அதில் விரால் படுத்திருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாளையிலிருந்து மண்வெட்டியோடு இறங்குகிறேன். நான் ஊசி பிடித்த கை, மண்வெட்டி பிடித்த கை இல்லை. ஆனாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

தனபாலன்


மலாக்கா
3-3-1952

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை, கோபத்தினால் இல்லை.

பதில் யோசித்து எழுதுகிறேன். வெயிலில் ரொம்ப நேரம் தோண்ட வேண்டாம்.

கோமளா


ஆத்தங்கரைத் தோட்டம்
8-3-1952

அன்புள்ள கோமளாவுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக இருக்கிறேன். யார் மூலமாவது காதில் விழுந்தால் பயப்படாதே. என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டுவிட்டது.

ஐந்தாம் மடுவில் மூன்று நாள் தோண்டினேன். நாலு குழி. ஒன்றிலும் மீன் இல்லை. ஈரம் காயாமல் இருக்கக் குழிகளை இலை தழை போட்டு மூடி வைத்தேன். ராமாத்தாள் அக்கா கரையில் நின்று, "பொண்டாட்டியத் தண்ணியில தொலைச்சுப்புட்டு மணல்ல தேடுறீங்களா டிரஸ்ஸரய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரோந்துப் போலீஸ் வந்தது. வேலிக்கு வெளியே ஒரு ஆள், கையில் மண்வெட்டி, இலை போட்டு மறைத்த குழிகள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நான் அரிசி புதைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். லாரியில் ஏற்றினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஏறியவர்கள் எல்லாரும் இறங்கி வரவில்லை, உனக்கே தெரியும்.

மலாய் சார்ஜன்ட் ஒருவர் விசாரித்தார். எதற்குத் தோண்டினாய்? மீனுக்கு. மார்க்கெட்டில் மீன் இல்லையா? மனைவி கேட்டாள். அவர் நம்பவில்லை. சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. கொடுக்க வெட்கம், கொடுக்காவிட்டால் ஜெயில். கொடுத்துவிட்டேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் சேகரன் அதை ஒரு வரி விடாமல் மலாயில் படித்துச் சொன்னான். "ரசமே உங்களுக்குத் தண்டனை" என்ற இடத்தில் ஸ்டேஷனே சிரித்தது. சார்ஜன்ட் மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு ஆழம் தோண்டினாய்?" என்று கேட்டார். ஒரு முழம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். அவர் பிறந்த கம்பத்துக் கிராம வயல்களில் சின்ன வயசிலிருந்தே ஹாருவான் தோண்டுகிறவராம். நம் விராலைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

சாயங்காலமே என்னை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அவரே மடுவுக்கு வந்தார். சேற்றில் விரல் அளவு ஓட்டை இருக்கும் இடமாகப் பார்த்து, அங்கே இறங்கு என்றார். நான் தோண்ட, அவர் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து அதட்ட, இரண்டு முழத்தில் களிமண் குழைந்தது. அதற்குள் முழங்கை நீளத்தில் ஒரு விரால். செத்துவிட்டது என்று நினைத்துக் கையை வைத்தேன். வாலால் என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டது. கோமளா, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதை மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஈரச் சேறு போட்டு, நனைந்த சாக்கால் மூடி, பஸ் கண்டக்டர் முனியாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகக் கெடுபிடி இருப்பதால் சார்ஜன்ட் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "ஹாருவான் ஒன்று. உயிருடன். மனைவிக்கு."

நீ கேட்டதை அனுப்பிவிட்டேன் என்பதற்காக உடனே வா என்று நெருக்க மாட்டேன். இங்கே இப்போது ஆறு இல்லை, மணல்தான். சாயங்காலத்தில் மேகம் கூடுகிறது. இன்னும் ஒரு மாதத்தில் தண்ணீர் வந்துவிடும். முதல் வெள்ளம் நுரையும் சருகுமாக, காப்பி நிறத்தில் வரும். மீனெல்லாம் அதை எதிர்த்து மேலே ஏறும். அப்போது வந்தால் போதும். அதுவரை காத்திருக்கிறேன்.

உன்,
தனபாலன்


மலாக்கா
11-3-1952

என் அன்புள்ள அத்தானுக்கு,

விரால் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் சீட்டைப் படித்தும் நம்பாமல் சேற்றில் குச்சியை விட்டார்களாம். அது துள்ளி ஒரு போலீஸ்காரர் தொப்பியைத் தட்டிவிட்டதாம். முனியாண்டி அண்ணன் கடை வாசலில் நின்று நடித்தே காட்டினார். தெருவே கூடிவிட்டது. தொட்டியில் விட்டதும் ஒரு நிமிஷம் சும்மா கிடந்தது, பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அம்மா அருவாமனையை எடுத்தார். அதைத் தொட்டால் நானும் சாப்பிட மாட்டேன், யாரையும் சாப்பிட விட மாட்டேன் என்று குறுக்கே நின்றேன்.

என் கடிதத்தை ஊராருக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டீர்கள். இனி அந்த ஸ்டேஷன் பக்கம் நான் எப்படித் தலை நிமிர்ந்து பஸ்ஸில் போவது? ஆனாலும் நீங்கள் அந்த லாரியில் ஏறியதை நினைத்து நேற்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. என் வாய்த் துடுக்கால் அல்லவா போனீர்கள்.

நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். எனக்கு வேலிக்குள் பயமாக இருந்தது. ஆறு மணிக்குக் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நம் வீட்டுத் தாழ்ப்பாளையும் போட்டுவிடுவேன். உங்களிடம் சொன்னால், டவுன்காரி, ரெண்டு நாளுக்குத் தாங்க மாட்டாள் என்று நினைப்பீர்களோ என்று சொல்லவில்லை. பழியை எல்லாம் ஆற்றின் தலையில் போட்டேன். இனிமேல் எனக்குப் பயம் வந்தால் சொல்கிறேன். உங்களுக்கு வந்தால் நீங்களும் சொல்லுங்கள். கூடவே இன்னும் எதெது வற்றும், எதெது இடிந்து விழும் என்று ஒரு பட்டியலும் எழுதி வையுங்கள்.

அப்பா நேற்றுத்தான் வாய் திறந்தார். "அந்த இடத்துல நானா இருந்தாலும் அதைத்தாம்மா சொல்லியிருப்பேன்" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டில் இப்போது அதுவே தனிக் கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். தகரத்தில் விராலும் வருகிறது, நாலாம் மடுவில் விட வேண்டும். ஊற்றுத் தண்ணீர் குடிக்க வேண்டும், வண்ணத்துப்பூச்சி பார்க்க வேண்டும். சோறு நான் வந்து வைக்கிறேன், நீங்கள் அடுப்புப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆகாது. தண்ணீர் வந்த பிறகு நான் வந்தால், ஆற்றுக்காக வந்தேன் என்றுதான் ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மணலாக இருக்கும்போதே வருகிறேன்.

உங்கள்,
கோமளா