ஊதா பீன்ஸ் விஷயம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்று கொஞ்சம் நிற்கிறது. நீ சுகமா என்பதற்காவது உள்ளதை உள்ளபடி எழுது.

வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்துக் கிடக்கும் மணல் துண்டில் இந்த வருஷம் என்ன பீன்ஸ் போடுவது என்பதில்தான் எனக்கு முதலில் சந்தேகம் தட்டியது. நான் கொடி பீன்ஸ் கேட்டேன், மாதக்கணக்கில் காய்க்கும். உன் அப்பா குத்துச்செடி ரகம்தான் என்றார், உப்புக்காற்றில் பந்தல் நிற்காதாம். போன வருஷம் பந்தல் சரிந்து துவைத்த துணியெல்லாம் மண்ணானதால் நானும் சரி என்றேன். ஆனால் அதிலும் பச்சைக் காய் வேண்டாம், ஊதாக் காய் காய்க்கிற ரகம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேகவைத்தால் பச்சையாகிவிடும் என்று சமாதானம் வேறு. அப்படியானால் பச்சையாகவே போட்டால் என்ன என்றேன், காது கேட்காதவர் மாதிரி செருப்பைத் தேடப் போய்விட்டார். ஸ்ட்ராபெரியிலும் இதே கதை. ஜாம் போட எனக்குப் பெரிய பழமாக, ஒரே சமயத்தில் பழுக்கிற ரகம் வேண்டும். அவர் தொட்டியோடு வாங்கி வந்ததோ சுண்டுவிரல் நகம் அளவுப் பழம், வாசனை மட்டும் வாசல் வரை வரும். குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத்தான் பறிக்கிறார். வாரத்துக்கு மூன்று முறை விதைக்கடைக்கு நடை. அந்தக் கடைக்காரி கலகலவென்று சிரிக்கிறவள். நீ என்ன நினைப்பாயோ, இந்த வயதில் எனக்கு அதுவும் தோன்றத்தான் செய்தது. போதாததற்கு உன் போன் வந்தால் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார், நான் கிட்டே போனால் பேச்சு மழைக்குத் தாவும்.

செவ்வாய்க்கிழமை தையல் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, உரம் வாங்குகிற சாக்கில் நானே அங்கே போனேன். அவள் என்னை உட்காரவைத்து, சார் கேட்டபடி பொட்டலத்திலெல்லாம் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன், இலையிலிருந்து தனியாகத் தெரிகிற காயாகப் பார்த்துக் கொடுத்தேன், கண் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். வீட்டுக்கு வந்தபோது அவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் போட்டதில் பாதி பீன்ஸ் கன்று. பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கன்றுகளைத் தனியாகப் பொறுக்கினேன். அவராகவே, "பச்சை இலைக்குள்ள பச்சைக் காய் எனக்குத் தெரியல" என்றார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் உச்சியில் உட்கார்ந்து, கீழே கயிற்றில் ஒரு பிரி அறுந்தாலும் கண்டுபிடித்த மனிதர். போன வருஷம் காயெல்லாம் பறிக்காமல் முற்றி நாராகிப் போனதற்குச் சோம்பேறி என்று எத்தனை நாள் திட்டினேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் போன பார்வை போனதுதான், வலது கண்ணைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். தானே விட்டுக்கொண்டதாக உன் அப்பா சொன்னால் நம்புவதில்லை, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். நீ ஐந்து மாதமாகத் தெரிந்து வைத்திருக்கிறாய். அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாராம். கேட்டால் செய்து கொடுத்துவிடுவதா? ஐந்து மாதம் முன்னால் போயிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் கேட்காதே.

கோபம் இருக்கிறது, அதற்காக நீ அழுதுகொண்டு பட்டினி கிடக்க வேண்டாம். கண்ணும் கையும் குறையில்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்று மட்டும். இந்த நோய் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாமாம். போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் மூக்கில் புதுக் கண்ணாடி இருக்கிறது. அழகுக்குப் போட்டேன் என்று எழுதாதே. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பு.

இப்படிக்கு,
இனி யார் வாய்ச்சொல்லையும் நம்பாத
உன் அம்மா