பிஸ்கட் விழும் முன் சிரித்தது யார்

போல்ட்டன்
6 அக்டோபர் 1996, ஞாயிறு

அன்பு மகள் லோர்னாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுகிறது, நீ அந்த நியூசிலாந்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அங்கே இப்போது குளிரா வெயிலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டி விளக்கினாள், கடைசியில் ஆளுக்குப் பாதியாக அதைத் தின்றதுதான் மிச்சம். அதனால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், வெயிலாக இருந்தால் அலமாரியில் போட்டு வை. காலுறைக்குள் ஒரு வீடியோ கேசட் சுருட்டி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துவிட்டு இதை மேலே படி. வேண்டாம், படித்துவிட்டே பார். எது சரி என்று எனக்கே தெரியவில்லை, ஒரு வாரமாக இந்த வீட்டில் எதுவுமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ரயிலில் விட்டுப்போன சாமான்களை வைக்கும் கிடங்கைப் பற்றிய டெலிவிஷன் நாடகம் உனக்கு ஞாபகம் இருக்கும், "கேட்பாரற்றவை". சின்னதில் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு துணிக்கூடைக்குள் உட்கார்ந்து, டீ ஆறுது, ஆறின டீக்கு நான் ஜவாப்தாரி இல்ல, என்று அந்த டீக்கார அம்மா மாதிரியே உன் அப்பாவை மிரட்டுவாய். கிடங்கு அதிகாரியாக வந்த அம்ப்ரோஸ் டில்லி இந்த வசந்தத்தில் காலமாகிவிட்டார், அதற்காகச் சனிக்கிழமைதோறும் பழைய பகுதிகளை மறுபடி போடுகிறார்கள். போன வாரம் நம்முடைய பகுதி வந்தது. நம்முடையது என்றால் தெரியும் இல்லையா, உன் அப்பாவின் சிரிப்பு பதிவான பகுதி. முதன்முதலில் அதை ஒளிபரப்பிய அன்று வேலைநிறுத்தத்தில் இந்தத் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை, அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அதைப் போடவில்லை. ஆகவே இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் பார்க்காத ஒரு பகுதியைத்தான் உன் அப்பா எல்லாக் கல்யாண விருந்திலும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ நூறு தடவை கேட்ட கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன், எனக்கே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் பிஸ்கட் ஆலையிலிருந்து ஒரு பஸ் நிறைய மான்செஸ்டர் ஸ்டூடியோவுக்கு, நாடகத்தைப் பதிவு செய்யும்போது உட்கார்ந்து சிரிப்பதற்குப் போனோம். ஓர் இடம் காலி என்று பஸ் ஓட்டுகிறவரின் தம்பியையும் ஏற்றிக்கொண்டார்கள், அதுதான் உன் அப்பா, அப்போது எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து காது இரண்டையும் விரித்து வைத்து எனக்கு மேடையை மறைத்தார். அம்ப்ரோஸ் டில்லி யாரோ தொலைத்த பல்செட்டை மாட்டிக்கொண்டு, பிஸ்கட்டைக் கடிக்க முடியாமல் டீயில் முக்கி, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பிரசங்கம் செய்கிறார். அது டீயில் விழ வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆனால் விழுவதற்கு முன்னாலேயே கூட்டத்தில் ஒரு சிரிப்பு, பம்பு அடிக்கிற மாதிரி. அந்த மனிதர் பிரசங்கத்தை நிறுத்தி எங்கள் பக்கம் பார்த்து, இன்னும் விழவேயில்ல, அதுக்குள்ள யாருப்பா அவசரக் குடுக்கை, என்றார், அப்போது பார்த்து அது விழுந்தது. ஸ்டூடியோவே சிரிப்பில் இரண்டுபட்டது. எனக்கு முன்னால் உன் அப்பாவின் தோள் குலுங்குகிறது, திரும்பிப் பார்க்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். சிரித்தது இந்தக் காதுக்காரன்தான் என்று நான் அங்கேயே முடிவு கட்டி, அன்று தொடங்கிய கேலியை இன்றுவரை நிறுத்தவில்லை. நாடகம் முடிந்ததும் டில்லி எங்களிடம் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார், ஒரு காலில் பச்சைக் காலுறை, மறு காலில் பழுப்பு. டீக்கார அம்மாவாக நடித்த விவியன் ஸ்டோப்ஸ் என் பிஸ்கட் பொட்டலத்தின் மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்ததில் நாலைத் தின்றுவிட்டுப் போனார். தங்கமான மனுஷி.

சரி, போன வாரச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பெரிலையும் கூப்பிட்டு, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உன் அப்பா சவரம் செய்து புதுச் சட்டை போட்டிருந்தார், ஏம்ப்பா, டெலிவிஷன்காரங்க உன்னைப் பாக்கப்போறதில்ல, என்றேன். பிஸ்கட் மேலே போனது. சிரிப்பு வந்தது. பெரில் வறுவலை வாயில் வைத்தபடியே, அடியே இது நம்ம லோர்னா சிரிப்புதானே, அப்படியே அவ சிரிக்கிற மாதிரி இருக்கே, என்றாள். அது ஒரு பெண்ணின் சிரிப்பு, கண்ணு. நீ அப்போது பிறக்கவேயில்லை. உன் அப்பா பதிந்துவைத்த இந்தக் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஐந்து முறை ஓட்டினார், மீன் ஆறிப்போனது. பெரில் போன பிறகு, மேவிஸ், அது நான்தானே, என்று என்னிடம் கேட்டார். எதற்கெடுத்தாலும் வாயடிக்கிற நான் அன்று, ரெக்கார்டு பழசு, குரல் மாறியிருக்கும், என்று உளறினேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வருகிற சனிக்கிழமை தொழிலாளர் கிளப்பில் புது ஹாலைத் திறந்துவைக்க அந்த விவியன் ஸ்டோப்ஸே வருகிறார், நடித்தவர்களில் இன்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான், எண்பத்தொரு வயது. பிஸ்கட் விழும் முன் சிரித்த மனிதர் மேடையில், என்று போஸ்டரில் உன் அப்பாவின் பெயரைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா பிஸ்கட்டை முக்க வேண்டும், இவர் சிரிக்க வேண்டும். இவரோ சிரிப்பையே மறந்துவிட்டார். தோட்டத்துக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார், மூச்சிரைப்பு பிடித்த நாய் மாதிரி ஒரு சத்தம், பிறகு அமைதி. நேற்று, கிளப்புல போய் என் பேரை எடுக்கச் சொல்லிடறேன், ஊரை ஏமாத்தினவன்னு நிக்க முடியாது, என்றார்.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அது எங்கள் ஆலை பிஸ்கட். நனைத்தால் நாலு எண்ணுவதற்குள் ஒடியும் என்பது அதைப் பொட்டலம் போடுகிற எங்களுக்குத்தான் தெரியும், பஸ்காரர் தம்பிக்கு எப்படித் தெரியும்? அப்புறம் இன்னொன்று. உன் அப்பாவுக்கு நிஜமாகச் சிரிப்பு வந்தால் சத்தம் வருமா? தோள்தானே குலுங்கும். அந்தப் பம்புச் சத்தம் விருந்தில் கதை சொல்வதற்காக அவர் பின்னால் கற்றுக்கொண்டது. யாரிடமிருந்து கற்றார் என்று யோசித்தேன், கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்துவிட்டது. ஆனால் சிரித்தவளுக்குத் தான் சிரித்தது தெரியாமல் இருக்குமா, லோர்னா? தன் சிரிப்பை யார் கேட்டிருக்கிறார்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்று காலை அவர் முன்னால் டீயை வைத்து, ஒரு பிஸ்கட்டை முக்கித் தூக்கிப் பிடித்தேன். நான் ஒன்றும் திட்டம் போடவில்லை, அது ஒடியப்போகிறது என்று தெரிந்ததுமே எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது, அப்புறம்தான் அது விழுந்தது. உன் அப்பா என்னையே பார்த்தார். மெல்லத் தோள் குலுங்க ஆரம்பித்தது, கண்ணில் தண்ணீர், அன்றைக்குத் திரும்பிப் பார்த்த அதே முகம். சொக்காயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை நீயும் மேடைக்கு வர்ற, அன்னிக்கு மாதிரியே எனக்குப் பின்னாடி உக்காரு, என்றார். அவ்வளவுதான், தொப்பியை எடுத்துக்கொண்டு பேப்பர் வாங்கப் போய்விட்டார். இப்போது கண்டுபிடித்தாரா, இல்லை அன்று திரும்பியபோதே தெரிந்து இருபத்திரண்டு வருஷம் என் கேலியை வாங்கிக்கொண்டிருந்தாரா? கேட்கலாம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது, இனி யாரைக் கேலி செய்வது.

இது உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை முடிந்திருக்கும், நான் பின்னால் உட்கார்ந்து சிரித்திருப்பேன், அவர் முன்னால் குலுங்கியிருப்பார். ஆனாலும் கேசட்டைப் போட்டுக் கேள். அவர் சிரிப்பு என்று தோன்றினால் வீட்டுக்கு எழுது. என்னுடையது என்றால் ஆலை விலாசத்துக்கு எழுது, வீட்டுத் தபாலை அவர்தான் பிரிக்கிறார். நைட் டூட்டி முடிந்தால் ஒழுங்காகத் தூங்கு, நனைந்த தலையோடு வெளியே போகாதே. போகிற இடமெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. கேசட்டைப் பத்திரமாக வை, மேலே வேறு எதையும் பதிந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
மேவிஸ்

(அப்பா பேப்பரோடு வந்துவிட்டார், இரண்டு பொட்டலம் பிஸ்கட்டும் வாங்கி வந்திருக்கிறார். ஒத்திகைக்காம்.)