‘அக்கல்ட்’ என்றால் என்னவாம்?

நூறு பேருக்குச் சமைத்துப் போட்டும் எனக்கு ஒரு வெந்நீர் வைத்துத் தராத என் வீட்டுக்காரருக்கு,

இங்கே மகள் நலம். புது இஸ்திரிப் பெட்டி நலம். என் நலத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நீங்கள் சமைக்கும் முகாமுக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரிக்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் கடையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். சட்டை தப்பித்தது. டாக்டரம்மா ரத்தம் குறைவு என்று சொல்லி, மலத்தைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். டப்பாவோடு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவர், “மடியில என்னம்மா, இவ்ளோ பத்திரமா?” என்று கேட்டார். சொல்லியிருந்தால் முழு சீட்டும் எனக்கே கிடைத்திருக்கும்.

ரிப்போர்ட்டில் ‘அக்கல்ட் பிளட்’ இருக்கிறது என்று வந்தது. பிளட் என்றால் ரத்தம், எனக்கே தெரியும். முன்னால் இருந்த வார்த்தையை மகள் அகராதியில் பார்த்தாள். ‘மாந்திரீகம் சார்ந்த’ என்று போட்டிருந்தது. உங்கள் அக்கா உடனே, “அப்பவே சொன்னேன், யாரோ வச்சுட்டாங்க” என்று ஆரம்பித்துவிட்டார். வேலை மெனக்கெட்டு எனக்குச் செய்வினை வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று சிரித்தேன். ஆனாலும் இரண்டு நாள் தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன்.

பிறகு மாடி வீட்டு வாத்தியாரிடம் காட்டினேன். “லத்தீன்ல இருந்து வந்த வார்த்தைம்மா. மூடி மறைச்சதுன்னு அர்த்தம். மந்திரத்தையும் மறைச்சு வெச்சதால அதுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு” என்றார். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செய்வினை என்றால் திட்டித் தீர்க்கவாவது ஓர் ஆள் இருக்கும். இதற்கு யாரைத் திட்டுவது? தேய்க்கும்போதும் சாப்பிடும்போதும் என் வயிற்றை நானே ஒட்டுக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை காமிரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். “பயப்படாதீங்க, மூல நோயாக்கூட இருக்கலாம்” என்றார் டாக்டரம்மா. வேறு என்னவாக இருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. குழாய் விஷயம் மகளுக்குத் தெரியாது, பரீட்சை முடியட்டும்.

மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். தாளில் பெயர் கேட்டார்கள். உங்கள் அக்கா பக்கத்திலேயே நின்றார். நான் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். என் எழுத்து கோழி கிண்டியது மாதிரிதான். அந்தப் பெயர் மட்டும் நன்றாக வந்தது.

வேளைக்குச் சாப்பிட்டு, அடுப்படியில் பத்திரமாக இருங்கள். வியாழக்கிழமை பஸ்ஸில் கூட்டம் இருக்காதாம்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி