மேகவரை ராசாவின் முடியாத ஆட்சி

என் ஆசை அண்ணே,

சுகமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். மண்ணுக்குள் போனவரிடம் யாராவது சுகம் விசாரிப்பார்களா? ஊரில் எல்லாரையும் போல ஒழுங்காகச் செத்திருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். திருவிழாவிலிருந்து நேற்றுவரை உங்களோடு நாங்கள் பட்ட பாட்டை உங்களிடமே சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

விஷயம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் முதலிலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தேயிலைத் தோட்டத்துக் கூத்தில் வருஷா வருஷம் ஒரே கதையை ஆடி அலுத்துவிட்டது என்று இந்தத் திருவிழாவுக்கு நீங்களே ஒரு ராசாவை உண்டாக்கினீர்கள். மேகவரை என்று ஒரு நாடு, தயாபரன் என்று ஒரு ராசா. அட்டன் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஹயர் கேட்டு வந்தவர்கள், பைத்தியமோ என்று பயந்து அடுத்த ஆட்டோவுக்குப் போய்விடுவார்கள். உங்கள் ராசா அங்கியை என் கூறைச் சேலையை வெட்டித்தான் தைத்தேன். அதற்கு ஒரு நன்றிகூட நீங்கள் சொல்லவில்லை.

நல்ல ராசா அவர், அதை நான் மறுக்கவில்லை. பட்டத்துக்கு வந்ததும் போட்ட முதல் சட்டம்: ஊற்றுத் தண்ணீர் முதலில் கீழே குடியிருப்பவர்களுக்கு, அரண்மனைக்கு அப்புறம்தான். தினமும் குடத்தோடு அலைகிற கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டு விசிலடித்தார்கள். இரண்டாவது சட்டம்: மேகவரை எல்லையைத் தாண்டி இனி யாரும் பிழைக்கப் போகக் கூடாது. மந்திரிமார் ஊர்ப் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு வேலைக்காரர்களாக விற்றுத் தின்றதால் போட்ட சட்டம் அது. கொழும்புக் கடைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் சவூதிக்கு மனைவியை அனுப்பியவர்களும் நிறைந்த கூட்டம். அழாதவர்கள் யார்?

கடைசிக் காட்சியில், அந்தச் சட்டமே நாட்டைச் சிறையாக்கிவிட்டதென்று ராசாவுக்குப் புரியும். மகுடத்தைத் தரையில் வைத்து, "என் ஆட்சி முடியலாமா?" என்று சனங்களைக் கேட்பார். கூத்துப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "முடியட்டும் ராசா" என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காட்சி தொடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொள்ளலாம் என்று கலைந்தோம். அந்த ஞாயிறு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை.

வேஷம் கட்டுகிறவர் கையில் பூசாரி மஞ்சள் காப்புக் கட்டுவது நம் தோட்டத்து வழக்கம். கதை முழுதாக முடிந்த பிறகுதான் அதை அவிழ்ப்பார். உங்களைக் குளிப்பாட்டும்போதும் அது கையில் இருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். பூசாரி மாமா தடுத்துவிட்டார்.

"வேணாம்மா. கத முடியல, ராசா இன்னும் எறங்கல. நாமளா அவுத்தா குத்தமாயிரும். அப்படியே வெச்சிரலாம்."

கூடியிருந்த பெரியவர்கள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். காப்போடு உங்களைப் புதைத்துவிட்டோம்.

முதலில் தண்ணீர்தான் மாறியது. மேலே தொட்டியில் இருக்கிற வால்வை, தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாப் பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டுப் போவார் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா. விடிந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கும், வால்வு கீழ் லயத்துப் பக்கம் திரும்பியிருக்கும். அவர் வேறு பூட்டுப் போட்டார், காவலுக்கு ஆளும் போட்டார். பனிக்குள் சலங்கைச் சத்தம் தன்னைச் சுற்றிச் சுற்றி வந்ததென்று அந்தக் காவல்காரர் காய்ச்சலில் படுத்தார். கீழ் லயத்துக் குழாய் நிற்காமல் ஓடியது. "ராசா ஆளுறாரு" என்று பெண்கள் நீங்கள் மேடையில் உட்கார்ந்த நாற்காலிக்குப் பூ வைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு இரண்டாவது சட்டம் வந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற செல்வம் கொழும்புக் கடை வேலைக்குக் கிளம்பி, தோட்டத்து எல்லையில் இருக்கிற முனி கோயில் வளைவுவரை போனான். கொஞ்ச நேரத்தில் பையோடு வீட்டு வாசலில் நின்று, "அம்மா, லீவு குடுத்தாங்க, வந்துட்டேன்" என்றான். கொழும்புச் சாப்பாடு சரியில்லை என்று குறைவேறு சொன்னான். அவன் பஸ்ஸே ஏறவில்லை அண்ணே! அவனுக்குப் பிறகு கிளம்பியவர்களும் அப்படித்தான் திரும்பினார்கள். டவுனுக்குப் போய்வருகிற எங்களை நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. பிழைக்கப் போகிறவர்களை மட்டும் எப்படியோ தெரிந்துவைத்திருந்தீர்கள்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் தர்ஷினிக்குக் கேம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. நம் லயத்திலிருந்து போகிற முதல் ஆள். அண்ணி அழுதுகொண்டே பெட்டி அடுக்கினார். நான்தான் முனி கோயில் வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "நங்கி, நகின்னே நெத்த?" என்று பஸ்காரர் சிங்களத்தில் கேட்டுப் பார்த்தார், ஏறவில்லையா தங்கச்சி என்று. இவள் ஏறுகிற மாதிரி இல்லையென்று தெரிந்ததும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா போக வேணாங்குறாரு அத்தை."

"எங்கடி இருக்காரு?"

"ஒங்களுக்குப் பின்னால."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியில் மூச்சுப் பட்டது, பீடி வாசத்தோடு. நீங்கள்தான் என்று தெரிந்தும், என் கூடப்பிறந்தவர்தான் என்று தெரிந்தும் பயந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. படி, படி என்று அந்தப் பிள்ளையை விரட்டியது யார்? நீங்கள்தானே? கேம்பஸில் சேர்கிற நாள் தவறிவிட்டால் அவளும் கொழுந்து பறிக்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். படிக்கப் போவதையுமா உங்கள் சட்டம் தடுக்கும்? அதற்கா ராசாவானீர்கள்?

பூசாரி மாமாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். கடைசிக் காட்சியை ஆடி முடிப்போம் என்றேன். வேஷம் கட்ட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் நேற்றுக் காலையில் கூத்தாடிய கோயில் முன்னால் உங்கள் நாற்காலியைப் போட்டு, அதில் அங்கியையும் மகுடத்தையும் வைத்தோம். நாற்காலிக் கையில் பூசாரி மாமா புது மஞ்சள் காப்புக் கட்டினார். மத்தியானம் சனம் கூடியது. மத்தியானத்திலும் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனி.

கீழ் லயத்து முருகாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் கமலா, தண்ணி வருதுல்ல? இருந்துட்டுத்தான் போகட்டுமே. ஒங்கண்ணன் போயிட்டா நாங்க மறுபடி கொடத்தத் தூக்கிக்கிட்டு பள்ளத்துக்கு எறங்கணும்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? "எம் மருமக வாழ்க்க போகுதேக்கா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

ராசாவின் கேள்வியைப் பூசாரி மாமா கேட்பதாக ஏற்பாடு. அவர் வாய் திறப்பதற்குள் மகுடம் தரையில் இருந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை, யாரும் எடுத்து வைக்கவும் இல்லை. "என் ஆட்சி முடியலாமா?" என்று கேட்டது யார் குரலென்று இன்றைக்கு ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது உங்கள் குரல். மேடையில் இருந்த மிடுக்கு அதில் இல்லை, ரொம்பக் களைத்துப்போயிருந்தது. அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

தர்ஷினிதான் முதலில் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"முடியட்டும்ப்பா. நான் போய்ப் படிக்கிறேன். நீங்க எறங்குங்க."

அடுத்து நான் சொன்னேன், அண்ணி சொன்னார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியாக முருகாயி அக்காவும் சொன்னார். பூசாரி மாமா காப்பை அவிழ்த்தார். காலையில் கட்டிய புதுக்கயிறு கறுத்து, இற்றுப்போய், ஈரமண் அப்பியிருந்தது.

இன்று காலை தர்ஷினி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் வளைவைத் தாண்டிவிட்டது அண்ணே. கை காட்டிக்கொண்டே போனாள்.

திரும்பி வந்தால் கீழ் லயத்துக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. வால்வு பங்களாப் பக்கம் திரும்பியிருந்தது. வெறுங்குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். முருகாயி அக்காதான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "என்னடி அவளயே பாக்குறீங்க? நாளைக்குப் பெரட்டுக்கு யாரும் கூடயக் கொண்டு வராதீங்க, கொடத்தக் கொண்டு வாங்க. தொரைகிட்ட நாமளே கேப்போம்" என்றார்.

நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிறோம். தண்ணீர் வரும்வரை பெரட்டுக்களத்தை விட்டு நகர மாட்டோம், இது உங்கள் மேல் சத்தியம். எல்லாருக்கும் உள்ளூரப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் வர வேண்டாம். எங்கள் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தை அங்கிருந்தே கேளுங்கள்.

இனி உங்கள் குடிமகளாக இல்லாமல், தங்கச்சியாக மட்டும்,
கமலா