‘பியர்லெஸ்’ என்று துரை எழுதியது

அன்பான என் பெரியண்ணாவுக்கு,

நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாளான நேற்று உங்கள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் மகன், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அந்த நற்சாட்சிப் பத்திரத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான். நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன வருடம், கப்பலடியில் மூழ்கி வேலை செய்யும் சுழியோடியான உங்களுக்குத் துரை தந்த கடிதம் அது. வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். எல்லாம் வாசித்தேன். ‘பியர்லெஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் தெரியவில்லை.

“அது என்ன பிள்ளை?” என்று கேட்டீர்கள்.

“யூஸ்லெஸ், கேர்லெஸ் மாதிரித்தான் அண்ணா. லெஸ் எண்டு முடிஞ்சால் ஏதோ குறை சொல்லியிருக்கு.”

“கையைப் பிடிச்சுக் குலுக்கினவரே. பின்னை ஏன் இப்பிடி எழுதினவர்?”

கடிதம் அலுமாரிக்குள் போனது. துறைமுகத்தில் புதிதாகச் சுழியோடிகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டும், “அந்தக் கடதாசியோட போய் நிக்க ஏலாது” என்று சொல்லிவிட்டுத் தம்பலகாமத்துக்கு நெல் வெட்டப் போனீர்கள். கடலைத் தவிர வேறொன்றும் அறியாத நீங்கள்!

எனக்குப் பொறுக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்கு ஓடினேன். தபாலதிபர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“பியர் எண்டால் சரிசமமான ஆள், பிள்ளை. உங்கட அண்ணருக்குச் சமமாய் ஒருத்தரும் இல்லையாம். தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொல்ல இந்தச் சொல்லைப் போட மாட்டினம். அபூர்வமாய்த்தான் போடுவினம்.”

அப்படியே பஸ் ஏறினேன். வயலுக்குள் சேறும் காலுமாக நின்ற உங்களிடம் சொன்னேன்.

“திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். வரம்பில் குந்தியிருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டீர்கள். பிறகு தலை நிமிர்ந்து, “அப்ப முதல் சொன்னது?” என்றீர்கள்.

“எழுத்துத் தெளிவில்லை, அண்ணா.”

பொய். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். அடுத்த கிழமையே உங்களை வேலைக்கு எடுத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தண்ணீருக்குள் இறங்கினீர்கள். ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை. ஊகித்திருந்தீர்களா அண்ணா? ஊகித்தும் பேசாமல் இருந்தீர்களா?

இதை எழுதி முடிக்கும்போது, நெஞ்சு லேசாக இருக்கிறது. நல்லகாலம், பிந்தியாவது பஸ் ஏறினேனே.

நாளைக் காலையில் மச்சாளிடமும் உங்கள் மகனிடமும் இந்தப் பொய்யை நானே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உங்களுடன் பிறந்த ஒரே தங்கச்சி