பத்து மூட்டைக்கு ஓர் எண்

குன்னூர்,
19.8.2000

அன்புள்ள ஜெகதீசனுக்கு,

ஜாகீர் எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் ஹுமாவும் அம்மாவும் சுகம். பெங்களூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி.

இங்கே மூன்று வாரமாக அடைமழை. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாததால் ஜெகதளா பக்கம் பாதிப் பேர் கொழுந்து எடுப்பதையே விட்டுவிட்டார்கள். செடிகள் மார்பளவு வளர்ந்து நிற்கின்றன. ரிப்பேருக்கு டி.வி. கொடுத்தவர்கள் யாரும் திரும்ப வாங்க வரவில்லை. கடையில் பதினோரு டி.வி. கிடக்கிறது, அம்மா அவற்றின் மேல் துணி காயப்போடுகிறாள்.

இனி உங்கப்பா விஷயம். அவர் பேரில் தப்பில்லை. தப்பு நம் பெட்டியில்.

டிப்ளமோ முடித்த வருஷம் நீ வரைந்து நான் பற்றவைத்து, அவர் வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரியில் மாட்டினோமே, அந்த மூட்டை எண்ணும் பெட்டிதான். எப்படி வேலை செய்கிறது என்று உனக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மேனேஜர் குமாரசாமிக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், தப்பு எங்கே என்று நீயே பார். கொழுந்து மூட்டை சரிவில் இறங்கும்போது ஒரு பலகையை இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் கண்டன்சரில் கொஞ்சம் சார்ஜ் ஏறும். பத்தாவது மூட்டைக்கு அது நிரம்பி, பெட்டி காட்டும் எண்ணில் ஒன்று கூட்டிவிட்டுக் காலியாகும். மறுபடி முதலிலிருந்து ஏறும்.

தொண்ணூற்றெட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன, மூட்டைமேல் மூட்டை விழுந்தது. உங்கப்பா சுவரில் சாக்பீஸால் போட்ட கோடும் பெட்டியும் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் போன மாதம் அவர் கோடு இருநூற்று முப்பதும் பெட்டிக் கணக்கு நூற்று நாற்பதும் காட்டியபோது எல்லோரும் பெட்டியை நம்பினார்கள். லாரிக்காரரோடு சேர்ந்து மூட்டைகளை வழியிலேயே வேறு ஃபாக்டரியில் இறக்கிவிட்டு, இங்கே கோடு மட்டும் போடுகிறார் என்றார்கள். வேலைக்கு வர வேண்டாம், மாதக் கடைசிக்குள் ஃபாக்டரி கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய் என்று குமாரசாமி சொல்லிவிட்டார். இலங்கையில் ஒரு லயத்தை விட்டு வந்த மனுஷன், இங்கே இன்னொன்றையும் விட வேண்டிய நிலை.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் கடிதத்தை வாசிப்பது யார் என்று உனக்கு ஞாபகம் இல்லையா? நான்தான் வாசித்தேன். பாதியில் என் குரல் இறங்கியதும் உங்கம்மா வேலாயி விட்டாரா? "தாண்டிப் போவாத தம்பி, எழுதுனத அப்புடியே படி" என்றார். படித்தேன். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா, யாருக்காவது உதவியிருந்தால் இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள், நான் மேனேஜரிடம் பேசிக்கொள்கிறேன்" என்று நீ எழுதியதை அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து நான் படித்தேன். அவர் எழுந்து போய் அடுப்புக்கு விறகு உடைத்தார். உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

என்மேலும்தான். குமாரசாமியிடம் கெஞ்சி பெட்டியைக் கழற்றி வந்து, கடையில் கரி அடுப்புப் பக்கத்தில் வைத்து பலகை இடிக்கும் பட்டனைக் கையால் தட்டினேன். நூறு தட்டுக்குப் பத்து, அச்சுப் பிசகவில்லை. மாட்டும் முன்பும் இப்படித்தானே சோதித்தோம்? எதையும் அடுப்போரம் காயவைத்துப் பார்க்கிற நம்மூர்ப் பழக்கம். போச்சு, அவர்தான் தப்பு போல என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை.

ஹுமாதான் கேட்டாள். "ஏனுங்க, அங்க யாருங்க இப்ப இத்தன வெரசலா மூட்ட போடறாங்க? லாரியே எப்பவோ ஒண்ணுதானுங்களே வருது?"

மறுநாள் பெட்டியை அடுப்பில்லாத பின்கட்டில், ஈரச் சுவரோரம் வைத்தோம். அவள் சமையலுக்கு நடுவே ஞாபகம் வந்தபோதெல்லாம் பட்டனை ஒரு தட்டு தட்டி, கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போட்டாள். சாயங்காலம் நாற்பது கொட்டை இருந்தது. பெட்டி நாலு காட்ட வேண்டும், இரண்டுதான் காட்டியது. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே நேரம் அதிகமானால், ஏறிய சார்ஜ் கசிந்துவிடுகிறது. ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம். வேகமாக விழுந்தால் சரியாக எண்ணும், மெதுவாக விழுந்தால் விட்டுவிடும். உன் படத்திலும் இதற்கு வழி இல்லை, எனக்கும் அன்று தோன்றவில்லை.

பெட்டியையும் புளியங்கொட்டையையும் எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக்குப் போனேன். குமாரசாமி நல்ல மனுஷன், நான் விட்டுவிட்டுத் தட்டிக் காட்டியதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு, "காத்தமுத்துவ திங்கக்கெழம வரச் சொல்லுங்க, ஊட்டையும் காலி பண்ண வேண்டாம்" என்றார்.

லயத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். உங்கம்மா அழுதுவிட்டார். உங்கப்பா வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கேட்கவில்லை. "இத அவனுக்கு எழுதிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது வேலைக்குப் போகிறார். வியாழக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். அதே சுவர், அதே சாக்பீஸ். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்பதற்கு முன், பக்கத்தில் மூட்டை தள்ளுகிற மரியஅந்தோணியைக் கூப்பிடுகிறார். "நீயும் பாத்துக்க" என்கிறார். ஒவ்வொரு ஐந்துக்கும் கூப்பிடுகிறார். முப்பது வருஷமாக ஒருவரையும் கூப்பிட்டதில்லை. அவனும் கைவேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறான்.

இதைப் படித்ததும் நீ பேனாவை எடுப்பாய் என்று தெரியும். எடுக்காதே மாப்ளே. எழுதினால் அதையும் நான்தான் வாசிக்க வேண்டும். உன் மன்னிப்பை என் வாயால் அவர் கேட்க வேண்டாம். லீவு கிடைக்கிற அன்றைக்கே பஸ் ஏறு. நீ ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப்போடாதே.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக மலையேற்றி அவர் முன்னால் நிறுத்தட்டும்.

உன்மேல் கோபம் குறையாத, உன் வரவுக்குக் காத்திருக்கும்
ஜாகீர்